நிறுத்தியம்மனுக்குச் சந்தனக் காப்பு

ஈச்சங்கரிசல் ஊர்ச் சேவை மையத்தில் இருந்த கம்ப்யூட்டர் முதல் தடவை தானாக அணைந்துபோன அன்று, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க மனுப் போட்டிருந்த ஆழ்வாரப்பன், எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் போடப்போன வாக்கில் அப்படியே நின்றுபோனார். காலும் இறங்கவில்லை, உதட்டில் இருந்த பீடியும் விழவில்லை, பீடியில் கிளம்பிய புகைகூடப் பாதி வழியில் நூல் மாதிரி நின்றது, டீக்கடைக்காரர் துண்டால் விசிறிப் பார்த்தும் கலையவில்லை. மையத்துக்குள்ளே, அங்கே வேலை பார்க்கிற சண்முகக்கனி "நல்லாத்தானே இருந்த, உனக்கு என்ன கேடு" என்று கம்ப்யூட்டரைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே சுவிட்சை அமுக்கி, அது கண் முழித்து, ஆழ்வாரப்பனின் மனுவை அவள் மறுபடி திறந்த நொடியில் வெளியே கால் கால்மேல் விழுந்தது, புகை மேலே போனது, "சீனி தூக்கலா போடு" என்று அவர் விட்ட இடத்தில் இருந்து சொன்னார். நடுவில் பதினோரு நிமிஷம் போயிருந்தது. டீ ஆறியிருந்தது. அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சாக இருந்தது ஆறின டீ யார் தப்பு என்பதுதான்.

இரண்டாவதாக நின்றது பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பிள்ளை. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, ஹாரன் அடித்து, அவள் நகராததைப் பார்த்து இறங்கி வந்து, டீக்கடைப் பக்கம் திரும்பி "மனுவா?" என்று கேட்டார். "மனுதான்" என்றார்கள். அவர் ஏறி உட்கார்ந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

யாருடைய மனு திரையில் திறந்திருக்கும்போது கம்ப்யூட்டர் அணைகிறதோ அவர் நின்றுவிடுவார், அது எழுந்து அதே மனுவைத் திறந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடர்வார் என்பது மூன்றாவது வாரத்துக்குள் ஊருக்கே பாடமாகிவிட்டது. அதற்குத் தகுந்தபடி ஊர் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. வெயிலில் நின்றவருக்குக் குடை கட்டினார்கள், மழையில் நின்றவருக்கு உரச் சாக்கைப் போர்த்தினார்கள், நடுத்தெருவில் நின்றவரைச் சுற்றி நாலு செங்கல் வைத்தார்கள், வெகுநேரம் நின்றவர் வீட்டு மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கறந்து வைத்தார்கள். மனுப் போட வருகிறவர்கள் அவிழ்ந்த வேட்டியோடும் எச்சில் கையோடும் வரக் கூடாது, வந்தவர்கள் மையத்துப் பெஞ்சில் ஒழுங்காக உட்கார வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் குருவையா போர்டே எழுதி மாட்டினார். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்கு மனு எதுவும் பாக்கி இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினார்கள்.

கனிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. அவளுக்கு எதுவும் சிரிப்புத்தான். இருபத்தெட்டு வயசு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ, கோவில்பட்டியில் ஆறு மாசக் கம்ப்யூட்டர் வகுப்பு, லோடு ஆட்டோ ஓட்டுகிற புருஷன் ஜெகன், ஐந்து வயசில் சஷ்டிகா என்று ஒரு மகள். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை. அவளைக் குளிப்பாட்டுகிறதுக்குள் நானும் குளித்துவிடுகிறேன் என்று கனி சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் ராசகிளி வந்தாள். கனிக்கு மதினி முறை. தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள். முகவரி திருத்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரம் நின்றுபோய், பிறகு திறந்ததும் எழுந்து, இடுப்பைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டி கனி, இது என் இடுப்புத்தானா?"

"ஏன் மதினி, மாத்தி வச்சுட்டேனா?"

"பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தாண்டி அது வாயை மூடியிருக்கு. கோழி கத்தல, குக்கர் கத்தல, உங்க அண்ணன் கத்தல. ஒண்ணுமே இல்ல. செத்தா இப்படித்தான் இருக்கும்னா நான் நாளைக்கே வாரேன்."

மறு ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று பெண்களோடு வந்தாள். "எதையாவது திறந்து வையி. பேர்த் திருத்தம், இனிஷியல் திருத்தம், என்ன எழவோ. கொஞ்சம் நின்னுட்டுப் போறோம்." கனி சிரித்துக்கொண்டே திறந்து வைத்தாள், அது அணைந்ததும் சிரித்துக்கொண்டே விட்டுவைத்தாள், நாலு பேரையும் வரிசையாக நிறுத்தியாக வேண்டும் என்பதால் ஒருத்திக்கு ஒரு ஞாயிறு என்று முறை வைத்தார்கள். நின்றவளின் பிள்ளைகளை மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள். புருஷன்மார் வந்து பார்த்துவிட்டு, நின்றவளிடம் சோறு கேட்க முடியாது என்பதால், தாங்களே உலை வைத்தார்கள். இப்படி ஓர் ஓய்வு கம்ப்யூட்டர் கெட்டுப்போய்த்தான் கிடைக்க வேண்டியிருக்கிறதே என்று கனிக்கு ஒரு கணம் மனசில் குத்தியது. குத்தியதைத் தட்டிவிட்டு அடுத்த மனுவைப் பார்த்தாள்.

உச்சிமாடன் வந்தது மாசி மாதம். கிழக்குத் தெருவுக்கு ஏழு மாசமாகக் குழாயில் தண்ணீர் இல்லை, மேல்நிலைத் தொட்டியில் இருந்து ஒரு குழாய் பூமிக்குள்ளேயே தலைவருடைய எலுமிச்சைத் தோப்புக்குப் போகிறது, அதைக் கலெக்டருக்கு எழுத வேண்டும் என்றார். கனி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலுக்குப் போய், தலைவர் வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி, "ஏய் குருவையா, இன்னைக்கு இருக்குடா உனக்கு, உன் தோப்பு எலுமிச்சையை உன் வாயிலேயே" என்றவர், 'வாயிலேயே' என்ற சொல் வாயிலேயே இருக்க, நீட்டிய விரலோடு நின்றுபோனார். கனி மறுபடி திறந்தாள். "பிழியாம விடமாட்டேன்" என்று முடித்தார். மனு நீளமானது, மூன்றாம் பக்கத்தில் கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது, அவர் அடுத்த வசவில் நின்றார். ஐந்து தடவை இப்படி, ஐந்தாவதில் நின்றவர் நின்றபடியே இருந்தார். ஐந்து தடவையும் தலைவர் தன் வீட்டு மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் குருவையா ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார்.

"இது சும்மா பெட்டி இல்லம்மா. நம்ம அவசரத்தை ஒரு கை தடுக்குது. தடுக்கிற கையைக் கும்பிடணும்."

"தலைவரே, இது கரண்டுப் பிரச்சினை. கம்பெனிக்குப் போன் போட்டிருக்கேன்."

"போடு, போடு. அவுக வர்றப்ப வரட்டும்."

கம்ப்யூட்டர்ப் பெட்டியின் முகத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருந்தன. கடந்த ஆயுதபூஜைக்குக் கனியே அங்கே மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் தீட்டி நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். தையல் மிஷினுக்கும் கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் வைப்பதுபோல வைத்ததுதான். அதன்மேல்தான் தலைவர் தன் சந்தனத்தைக் கை கையாக அப்பினார். பின்னால் காற்று வெளியேறுகிற பக்கத்துக்குச் சரிகை வைத்த பட்டுப் பாவாடை கட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் பூஜை என்று ஆனது. காப்பு, மாலை, பெட்டிக்குக் கீழே தட்டில் கற்பூரம். யாரோ நிறுத்தியம்மன் என்றார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பூக் கட்டிக்கொண்டு வந்தார்கள்; தலைவர் அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்; உச்சிமாடனை இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கி, விரல் தன் வீட்டைக் காட்டாதபடி மையத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு தண்ணீருக்காக மூன்று பேர் மனுப் போட்டார்கள். மூன்று பேரும் நின்றார்கள். ஒரு மணி நேரம்கூடத் தாங்காத கம்ப்யூட்டரில் அவ்வளவு நீள மனு எதுவும் முடியவில்லை.

கனி விடவில்லை. கம்பெனிக்காரனைப் போனில் பிடித்தாள்.

"மேடம், ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி ஏதாவது மெசேஜ் வருதா?"

"எனக்கு எதுவும் வரல. உச்சிமாடன் அண்ணாச்சிதான் பதினாறு நாளா நிக்காரு."

"அது எங்க சப்போர்ட்ல வராது மேடம். வெளியில இருக்கிறதை ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. பெட்டியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கிழிச்சுத் திறந்துட்டா வாரண்டி போயிடும். ஆள் வருவாங்க."

ஆள் வரவில்லை. அவள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சுவர்ப் பிளக்கை மாற்றினாள். ஒயரைத் தன் வீட்டு ஒயரோடு மாற்றினாள். யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பார்த்தாள். வைரஸ் இருக்கிறதா என்று இரவல் டிஸ்க்கில் பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எத்தனை நிமிஷம் ஓடுகிறது என்று தினசரிக் காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைத்தாள். சமையலில் உப்புக் கூடினதா புளி கூடினதா என்று பார்க்கிற அதே வழிதான். காலையில் நெடுநேரம் ஓடியது, மதியம் சீக்கிரம் அணைந்தது, மேஜை விசிறியை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினால் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. அப்படியானால் சூடு. வாரத்திலேயே செவ்வாய்க்கிழமை காலை நன்றாக ஓடியது, வெள்ளிக்கிழமை மோசம். அது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. சூட்டுக்குக் கிழமை தெரியுமா?

சித்திரை கடைசியில் சஷ்டிகாவின் மனு வந்தது. டவுனில் இருக்கிற நல்ல பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத இடம் ஒன்று, மனுவை மையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. கனி செவ்வாய்க்கிழமை காலையைத் தேர்ந்தாள். மனுவுக்கு நாற்பது நிமிஷம் போதும், செவ்வாய் காலை ஐம்பது ஓடும். பிள்ளைக்கு வயிறு நிறைய இட்லி ஊட்டி, தலை சீவி, பெஞ்சில் உட்காரவைத்து, "எந்திரிச்ச, காலை உடைச்சிருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, மனுவைத் திறந்தாள்.

முந்தின வெள்ளிக்கிழமை சித்திரைப் பொங்கல் என்று தலைவர் இரட்டைக் காப்புச் சாத்தியிருந்தார். பத்தொன்பதாவது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. பெஞ்ச் காலியாக இருந்தது. வாசலில் ஓர் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடியிருந்த சஷ்டிகா, ஒற்றைக் காலில், ஒரு கையை முன்னால் நீட்டி, வாயை 'ஆ' என்று திறந்தபடி வெயிலில் நின்றாள். ஆட்டுக்குட்டி ஓடிவிட்டது.

கனி சுவிட்சை அமுக்கினாள். எழுந்தது, மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி. மறுபடி. விசிறியைத் திருப்பினாள், பெட்டிக்குக் கட்டிய பாவாடையை அவிழ்த்தாள், ஈரத்துணி போட்டாள். மூன்று எண்ணுவதற்கு மேல் அது நிற்கவில்லை. திருப்புளியைத் தேடி எடுத்து வந்தபோது, தலைவர் வைத்த இரண்டு ஆட்கள் வாசலில் குறுக்கே நின்றார்கள். அம்மனைத் திறக்கக் கூடாது என்று உத்தரவாம்.

ஜெகன் ஓடி வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றான், தூக்கிப் பார்த்தான், மண்ணில் இருந்து அந்தக் கட்டைவிரல் கிளம்பவில்லை, பிள்ளை கனமாக இல்லை, ஆனால் அந்த நொடி அங்கேயே நடப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டே நின்றவர்கள் அப்படித்தான் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள். தலைக்கு மேல் ஓலைப் பந்தல் போட்டான். கம்பெனியில் இருந்து ஆளைக் கூட்டி வருகிறேன் என்று ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனான், அங்கே வரிசை எண் கொடுத்து உட்காரவைத்தார்கள், வெள்ளிக்கிழமை வரை அந்த எண்ணைக் கூப்பிடவில்லை.

ஊர் வழக்கப்படி எல்லாம் செய்தார்கள். நாலு செங்கல் வைத்தார்கள். ஈ மொய்க்காமல் வேப்பங்கொத்து கட்டினார்கள். "அது பாட்டுக்கு நிம்மதியா நிக்கிது, நீ ஏன் தவிக்க" என்றார்கள். கனிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் பழக்கமில்லை. புதுச் செருப்பு மாதிரி நடக்கிற இடமெல்லாம் கடித்தது. தண்ணீர் குடித்தால் தண்ணீர்மேல் கோபம், இந்த மெஷினைச் சிரித்துக்கொண்டே எட்டு மாசம் ஓட்டின தன்மேல் கோபம், பிள்ளையின் முகத்தருகே முகத்தை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள், வரவுமில்லை, போகவுமில்லை, பாதி மூச்சு உள்ளே நின்றது. புதன் போனது. வியாழன் போனது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வரும்போது சஷ்டிகாவின் முன்னால் ஒரு தட்டு இருந்தது. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, எரிந்து முடிந்த கற்பூரம். பிள்ளையின் நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமம், கழுத்தில் மாலை. பக்கத்தில் குருவையா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மன் பிள்ளையை விரும்பியிருக்கா கனி. சின்னம்மன் மாதிரி இருக்குல்ல? கொடுத்து வச்சவ நீ."

கனி மாலையைப் பிய்த்து எறிந்தாள். தட்டைக் காலால் தள்ளினாள். முந்தானையால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தாள், போகவில்லை. காய்ந்த சந்தனம் தோலோடு பூச்சு மாதிரிப் பிடித்திருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள், நகத்தால் சுரண்டினாள், அது சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. பிஞ்சுத் தோலில் இவ்வளவு பிடிக்கிற சந்தனம் தகரத்தில் எவ்வளவு பிடிக்கும் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்குப் பின்னாலேயே காலண்டர் தாள்கள் எல்லாம் வந்தன. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை. அதற்கும் பின்னால் ஆயுதபூஜையும் தன்னுடைய மூன்று விரலும் வந்தன.

அவள் எழுந்தாள். மையத்து வாசலில் நின்ற இரண்டு ஆட்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வெற்றிலை வாங்கப் போகிறவர்கள் மாதிரி விலகிப் போனார்கள்.

உள்ளே பூஜைக்கு வந்த பெண்கள் இருந்தார்கள். ராசகிளி குறுக்கே வந்தாள்.

"கனி, வேணாம்டி. திறந்து ஏதாச்சும் ஆயிட்டா? எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"எது மதினி ஒண்ணு?"

"ஒரு ரெண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாம இருக்கிறது."

"அதுக்கு என் பிள்ளை ஒத்தைக் கால்ல நிக்கணுமா?" கனியின் குரல் மையத்துத் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. "உங்களுக்கு ஓய்வு வேணும்னா வீட்டுல இருக்கிற ஆம்பளைகிட்டச் சண்டை போடுங்க. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகிட்டக் கேளுங்க. இடுப்பு வலிக்குதுன்னு வாயைத் திறந்து கத்துங்க. ஒரு கெட்டுப்போன மெஷின்கிட்ட வந்து என்னைக் கொஞ்ச நேரம் சாகடின்னு பூ வைக்கிறீகளே, வெக்கமா இல்ல? நானும் சேந்துதானே திறந்து திறந்து வச்சேன், எனக்கும்தான் வெக்கமா இல்ல!"

ராசகிளி திரும்பி, பின்னாலேயே உள்ளே வந்துகொண்டிருந்த குருவையாவுக்கு முன்னால் தன் அகலமான இடுப்போடு வாசலை அடைத்து நின்றாள்.

"நகரு ராசகிளி."

"நான் நின்னுட்டேன் தலைவரே" என்றாள் அவள். "மனு ஏதோ திறந்திருக்கு போல. சுத்தி நாலு செங்கல் வையுங்க."

பெண்கள் சிரித்தார்கள். கனி சிரிக்கவில்லை. ஒயரைப் பிளக்கில் இருந்து உருவினாள், கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தாள், திருப்புளியால் நாலு திருகைக் கழற்றிப் பக்கத்துத் தகட்டை இழுத்தாள்.

உள்ளே ஒரு கர்ப்பக்கிருகமே இருந்தது. முன்பக்க ஓட்டைகளில் அப்பின சந்தனம் வாரா வாரம் ஈரமாக வழிந்து உள்ளே இறங்கி, காய்ந்து, அதன்மேல் வழிந்து காய்ந்து, சுவர்ப் பூச்சு மாதிரி விரல் தடிப்பில் நின்றது. ஓட்டை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மூளைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற சின்ன விசிறியில் மாலை நார் சுற்றிச் சுற்றிக் கயிறாகியிருந்தது. அதன் அடியில் இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கற்பூரக் கரியும் பூவிதழும் தூசியும் கம்பளி நெய்ததுபோல் அடைத்திருந்தன. இத்தனை நாளாக இந்தப் பெட்டி மூச்சு முட்டி, முட்டி, தாங்க முடியாதபோது தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருந்தது. கனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அதன்மேல் மட்டும் கோபம் வரவில்லை.

சைக்கிள் பம்ப்பைக் கொண்டுவரச் சொன்னாள். சுவருக்கு வெள்ளையடிக்கிற தூரிகையும், வீட்டில் இருந்து சஷ்டிகாவின் பழைய பல் பிரஷ்ஷும் வந்தன. ஒருத்தி பம்ப் அடித்தாள், கனி விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றைக் காட்டினாள், கரியும் தூசியும் எழும்பி எல்லார் முகத்திலும் படிந்தன. நாரைக் கத்தரியால் வெட்டி உருவினாள். சந்தனத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள், பாளம் பாளமாக விழுந்தது. பெண்கள் அதை மிதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முதலில் முறத்தில் பிடித்தார்கள், பிறகு முறம் நிறைந்ததும் வாசலில் கொட்டினார்கள். அந்தத் தகடுகள் சேர்ந்த அலுமினியக் கட்டையைக் கழற்றினால், சூட்டைக் கடத்துவதற்காக அடியில் தடவியிருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது. டவுனில் கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி ஒரு சின்னக் குழாய்ப் பசை எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். ஒரு பயறளவு வைத்துக் கட்டையை மாட்டினாள். பட்டுப் பாவாடையை எடுத்து, உள்ளே தகட்டைத் துடைத்து, தூக்கிப் போட்டாள்.

மணி மூன்றே முக்கால். சுவிட்சை அமுக்கினாள்.

எழுந்தது. மூன்று எண்ணினார்கள். பத்து எண்ணினார்கள். நூறு எண்ணினார்கள். வண்டு ரீங்காரம் மாதிரி விசிறிச் சத்தம் ஒரே சீராக இருந்தது. நின்றுபோனவர்கள் இன்னும் ஒன்பது பேர் ஊரில் இருந்தார்கள், ஒன்பது வீட்டு ஆட்களும் வாசலில் கூடிவிட்டார்கள், "எங்க அப்பாவைத் திற", "எங்க அக்காவைத் திற" என்று கத்தினார்கள். கனி யாரையும் பார்க்காமல் சஷ்டிகாவின் மனுவைத் திறந்தாள்.

வெளியே ஒரு கத்தல் கேட்டது. 'ஆ' என்று மூன்று நாளாகத் திறந்திருந்த வாய் அந்தச் சத்தத்தை முடித்தது. தொப்பென்று விழுகிற சத்தம், எழுகிற சத்தம், பிறகு அழுகை: "ஆட்டைக் காணோம்! என் ஆட்டைக் காணோம்!"

கனியின் உடம்பு முழுக்க நாற்காலியை விட்டு எழப் பார்த்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள். மனு இன்னும் திறந்திருக்கிறது. இப்போது அணைந்தால் பிள்ளை மறுபடி நின்றுவிடும். மனு முடிந்து போய்ச் சேர்ந்தால்தான் அவள் இந்தத் திரையை விட்டு வெளியே வருவாள். இடது கையைப் பெட்டியின்மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வலது கையால் அடித்தாள். தகப்பன் பேர். தாய் பேர். பிறந்த தேதி. போட்டோ ஏறுகிற கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. சஷ்டிகா முழங்காலில் ரத்தத்தோடு உள்ளே ஓடி வந்து அவள் மடியில் குத்தினாள்.

"நீதான் ஆட்டை ஒளிச்சு வச்சுட்ட! நான் தொட்டுட்டேன்! தொடப் போனேன், நீ எடுத்துட்ட!"

"ஆமா தங்கம். அடி. நல்லா அடி."

பிள்ளை அடித்தாள். கடித்தாள். கனி ஒரு கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். போனுக்கு வந்த எண்ணை ராசகிளி சத்தமாக வாசித்தாள், கனி அடித்தாள், ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, வாசலில் ஒருவரும் இருமக்கூட இல்லை. நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷத்துக்கு 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. கனி மனுவை மூடினாள். பிறகுதான் நாற்காலியில் இருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மகளின் மூச்சு அவள் கழுத்தில் சூடாக வந்தது, போனது.

பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேரையும் திறந்துவிட்டாள். உச்சிமாடன் மையத்துச் சுவரைப் பார்த்து அரை நிமிஷம் முழு வேகத்தில் வைதார். எதிரே சுவர் இருப்பதைக் கண்டு திகைத்தார். தன்னை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் அவர் திரும்பிய திருப்பத்தில் தலைவர் இரண்டு அடி பின்வாங்கினார். தண்ணீர் மனு நாலும் போய்ச் சேர்ந்தன.

"சரி கனி, நல்லா முடிஞ்சுது. மனசுல வச்சுக்காத" என்றார் குருவையா. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே. மூணு நாள்தானே."

கனி பிள்ளையை ராசகிளி இடுப்பில் கொடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு மனுவைத் திறந்தாள். மனுதாரர் என்ற இடத்தில் தன் பேரை அடித்தாள். அதைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி பழக்கத்தில் குடையைக்கூட எடுத்தாள்.

அவள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள். "என் மகள் சஷ்டிகா, வயது ஐந்து, செவ்வாய்க்கிழமை காலை முதல் வெள்ளிக்கிழமை மாலை வரை சேவை மையத்து வாசலில் வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டாள். கம்ப்யூட்டரில் காற்று போகிற வழியை அடைத்தது முதலில் நான், என் அறியாமையால். பிறகு ஊராட்சித் தலைவர், அறிந்தே. திறக்க விடாமல் ஆள் வைத்துத் தடுத்ததும் அவர். என் மகளுக்கு அந்த மூன்று நாளில் மூன்று காலை, மூன்று குளியல், எத்தனையோ சண்டை, ஓர் ஆட்டுக்குட்டி கிடைத்திருக்க வேண்டும். அவற்றைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"நாளை எப்படிம்மா திருப்பித் தர முடியும்?" என்றார் தலைவர். "பைத்தியமா உனக்கு? யார் படிப்பா இதை?"

"முதல்ல நீங்க படிங்க."

ஊரே அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தச் சொல்லில் நிற்பாளா, அடுத்த சொல்லில் நிற்பாளா என்று பார்த்தது. குடை எடுத்தவள் அதை விரிக்கலாமா என்று யோசித்தாள். கனியின் விரல்கள் நிற்கவில்லை. கடைசிப் புள்ளியை வைத்தாள், அனுப்பினாள், அச்சடித்தாள். சூடான தாள் வெளியே வந்தது. அதைத் தலைவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உங்க மேலதான் மனு. ஊராட்சி நகல் உங்களுக்குத்தான் வரணும். பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தேதி போடுங்க. மணியும் போடுங்க."

குருவையா கூட்டத்தைப் பார்த்தார். உச்சிமாடன் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, அவர் கையில் வைத்தார்.